இடுப்பு வலிக்கு முதலில் உட்காரும் இடத்தைப் பாருங்கள்

மாசி, பங்குனி வந்துவிட்டால் காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எந்த வாசலைப் பார்த்தாலும் புளிதான். ஆண்கள் மரமேறி உலுக்கிப் போடுவார்கள். காய்ந்த புளியை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுப்பது முழுக்கப் பெண்கள் வேலை. காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் கிடக்கும் கல்லின் மேல் குனிந்தபடி பொழுது சாயும் வரை தட்டுவார்கள். எழும்போது கையைத் தரையில் ஊன்றி "முருகா" என்றுதான் எழுவார்கள். நாலு எட்டு குனிந்தபடியே நடந்த பிறகுதான் முதுகு நிமிரும். வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முப்பது வயதுப் பெண்களும் அப்படித்தானே எழுகிறார்கள்?

எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்குப் பக்கவாதம் வந்தபோது, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபி அம்மா வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த அம்மாவை என் அம்மா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்து, இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அவரோ, "முதல்ல நீங்க எங்க உட்கார்ந்து புளி தட்டறீங்க, அதைக் காட்டுங்கம்மா" என்றார். அம்மா காட்டினார். "இப்படி உட்காராம எப்படிம்மா புளி தட்டறது?" என்றும் கேட்டார்.

பதில் மிகவும் சாதாரணமானது. காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கத் தசை இழுத்து இடுப்பைப் பின்னால் சாய்த்துவிடும். கீழ் முதுகு வளைந்துதான் ஆக வேண்டும். அதனால் அம்மாவுக்கு ஒரு மணை போட்டோம், அதன் மேல் மடித்த கோணிச்சாக்கு. இப்போது இடுப்பு முட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. தட்டும் கல்லை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். முதுகுக்குப் பின்னால் சுவர். ஒரு முறம் புளி முடிந்ததும் அம்மாவே எழுந்து போய்க் கொட்டிவிட்டு வர வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அம்மா ஓய்வு எடுக்கட்டும் என்று நினைத்து எல்லோரும் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவருக்குத் தேவையான ஓய்வே அந்த நாலு எட்டு நடைதான்.

ஏன் என்றால், முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்குப் பெரியவர்கள் உடம்பில் உள்ளுக்குள் ரத்தக்குழாய் ஓடுவதில்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான், பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல, அது தனக்கு வேண்டிய சத்தை இழுத்துக்கொள்கிறது. ஒரே நிலையில் மணிக்கணக்காக இருந்தால், அது எவ்வளவு நல்ல நிலையாக இருந்தாலும் முதுகு முறுக்கிக்கொள்ளும். நிமிர்ந்து உட்கார் என்று பிள்ளைகளை அதட்டுவதைவிட, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்பது நல்லது.

என் விஷயம் கழுத்து. நான் தையல்காரி; வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். மனிதத் தலையின் எடை நாலு, ஐந்து கிலோ இருக்கும். அது தோளுக்கு நேர் மேலே நின்றால் கழுத்துக்குப் பாரம் தெரியாது. ஊசியைப் பார்க்க முன்னால் தொங்கினால் பின்கழுத்துத் தசைதான் நாள் முழுக்க அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். நுணுக்கமான வேலை முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும், பலம் கொடுத்துச் செய்யும் வேலை அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்தப் பிசியோதெரபி அம்மா சொன்னதை வைத்து வீட்டில் பல இடங்களை மாற்றிவிட்டேன். ஊக்கு கட்டுவது, கையால் ஓரம் அடிப்பது எல்லாம் மடியில் தலையணை வைத்து அதன் மேல்தான். துணி வெட்டுவது தரையில் இல்லை. இடுப்பு உயரப் பலகையில். ஊசிக்குப் பக்கத்தில் ஒரு எல்இடி விளக்கு. வெளிச்சம் போதாவிட்டால் கண் முன்னால் போகும், கண்ணோடு தலையும் போய்விடும்.

களி கிண்டுவதற்கும் இதே கணக்குதான், தலைகீழாக. கேழ்வரகு மாவு இறுகி வரும்போது துடுப்பை அழுத்திச் சுற்ற உடம்பு பலம் வேண்டும். மேடை அடுப்பில் கிண்டினால் தோள் காதைத் தொடும். தரையில் வைத்துக் கிண்டினால் இடுப்பு போகும். முட்டி உயரத்துக்கு ஒரு கல்மேடை கட்டி, குண்டானை அதில் இறக்கி வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து நின்று கிண்டுகிறோம். கை இடுப்புக்கு நேராக வந்துவிடுகிறது.

மாங்காய் கூடை தூக்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கூடை வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும், திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை நகர்த்தித் திரும்புங்கள்.

வலிக்கு இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றிக் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், பெல்ட்டும், முதுகெலும்பை இழுத்து வைக்கும் இழுவை சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டியவை அல்ல என்றே சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. படுத்தே கிடப்பதும் உதவாது. புதிதாகப் பிடித்துக்கொண்ட வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அதுவரை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, முடிந்த அளவு நடமாடினால் போதும். உடனே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதும் இல்லை. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். அந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்து வேலையை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

அம்மாவும் நானும் தினமும் செய்வது இரண்டுதான். சுவரில் முதுகு சாய்த்து நின்று, மோவாயை உள்ளே இழுத்துப் பின்மண்டையால் சுவரை மெல்ல அழுத்தி, ஐந்து எண்ணி விடுவது. அப்புறம் பாயில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி இறக்குவது. சாயங்காலம் ஏரிக்கரை வரை ஒரு நடை, அவ்வளவுதான்.

ஆனால் சில வலிகளோடு வீட்டில் உட்காரக் கூடாது. கால் பலம் குறைந்து செருப்பு நழுவினாலோ, இரண்டு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மரத்திலிருந்து விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பதோடு வரும் வலி இவற்றுக்கும் அப்படித்தான். நம் ஊர்ப் பெண்கள் சிறுநீர் விஷயத்தை வெட்கப்பட்டு மறைத்துவிடுவார்கள். உங்கள் அம்மாவிடம், அத்தையிடம் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.