விமானத்துக்கு முன்னால் ஒரு ரிப்

விமானம் கட்டலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக யோசித்து அலுத்துவிட்டது. அதனால் இந்த மாசியில் காவேரிப்பட்டணம் வீட்டு ஷெட்டில் ஒரே ஒரு ரிப் மட்டும் செய்து பார்த்தேன். றெக்கைக்கும் வாலுக்கும் உள்ளே இருந்து வடிவம் கொடுக்கிற விலா எலும்புதான் ரிப்.

மனதில் இருப்பது ஸெனித் சிஎச் 701. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த இரண்டு சீட் விமானம். அலுமினியத் தகடும், தகடுகளை ஓட்டை வழியே சேர்த்து இறுக்குகிற பாப் ரிவெட் என்ற ஆணியும்தான் பெரும்பாலும், அதனால் புதியவனுக்கும் கை வரும் என்று ஒரு தைரியம்.

நிஜ வேலைக்கு 6061-டி6 என்ற ரக அலுமினியத் தகடு வேண்டும். நான் வாங்கியது பெயர் போர்டு செய்கிற கடையில் கிடைத்த 0.5 மி.மீ. தகடு, பழகுவதற்கு மட்டும். ஆசாரி இரண்டு மர அச்சு செதுக்கிக் கொடுத்தார். நடுவில் தகட்டை வைத்து இறுக்கி, வெளியே நீட்டிய ஓரத்தை மரச் சுத்தியால் தட்டி மடக்க வேண்டும். நேர்ப் பகுதி சமர்த்தாக மடங்கியது. வளைவில்தான் வம்பு. மடங்கிய ஓரத்துக்கு அங்கே இடம் பத்தாது, மிச்சத் தகடு சுருக்கம் விழுந்து நெளியும். அச்சைக் கழற்றினால் ரிப் வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது. ரிவெட் வரும் இடங்களுக்கு நடுவே இடுக்கியால் சின்னச் சின்ன மடிப்பாகக் கிள்ளிவிட வேண்டுமாம். நாலாவது கிள்ளில் ரிப் தானாக நிமிர்ந்து மேஜையில் படிந்தது. அந்த ஒரு நொடிக்காகவே இன்னொன்று செய்யலாம்.

அப்புறம் ரிவெட்டுக்கு ஓட்டை போட்டேன். ஓசூர் கம்பெனியில் ஷீட் மெட்டல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா வந்து குனிந்தார்.

“ஸ்கேல் வெச்சியா, கண்ணாலயே போட்டியாடா?”

ஓட்டையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 6.4 மி.மீ. என்னுடைய 14 ஓட்டையில் 5 தேறவில்லை. கோடு போட்டதும் இரும்பு ஊசியால். அந்தக் கீறலிலிருந்தே நாளைக்கு விரிசல் கிளம்பும் என்று மார்க்கரைக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு ரிப்புக்கு இரண்டு ஞாயிறு போயிற்று, அதில் பாதி ஓட்டைகளின் பிசிறு எடுப்பதிலேயே.

மற்ற கணக்கும் இருக்கிறது. விமானத்தின் நீளம் ஏறக்குறைய 21 அடி, என் ஷெட் 18. சித்திரை பிறந்தால் அதிலும் பாதி மாங்காய்க் கூடைக்கு. அனுமதியோ தனிக் கதை: மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ், தொழிலால் பைலட், அவருக்கே பல வருடம் அலைந்து 2017-இல்தான் பதிவு எண் கிடைத்தது.

சரி, விமானம் இப்போதைக்கு இல்லை. வால் சுக்கான் மட்டும், அதுவும் கூடைகள் வருவதற்குள்.

இரண்டாவது ரிப் முடிந்துவிட்டது. 14 ஓட்டையும் 7 மி.மீ. தள்ளி. சித்தப்பா இன்னும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை.