வழி: சமையலறை

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சார்ட் ஒட்டினேன். ஆறு வண்ணம். திங்கள் கையெழுத்துப் பயிற்சி, செவ்வாய் சொல்வதை எழுதுதல், புதன் இலக்கணம், வியாழன் வாசிப்பு, வெள்ளி கட்டுரை, சனி மீள்பார்வை. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வண்ணம் இல்லை. அன்று ஆசிரியருக்கு ஓய்வு. ஆசிரியர் நான்தான். மாணவர் ஒரே ஒருவர், வயது எட்டு. அவர் சார்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் பிழைப்பே பிழை திருத்துவதுதான். இருபது ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், வீட்டிலிருந்தபடியே. மனைவிக்கு வங்கி வேலை. மகனுக்குப் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. ஞாயிறு வராத வயிற்றுவலிக்கு என்ன மருந்து கொடுப்பது என்று மருத்துவர் எங்களையே கேட்டார். அது நீளமான கதை, இங்கே வேண்டாம். கடைசியில் அவனை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானது. கணக்கும் அறிவியலும் மனைவி பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு. அப்போது எனக்கு உள்ளூரச் சிரிப்பு. தமிழ்தானே, அதுவும் எனக்கா!

முதல் வெள்ளிக்கிழமைக் கட்டுரையின் தலைப்பு 'மழை'. அரை மணி நேரம் பென்சிலைச் சீவிய பிறகு இரட்டைக்கோடு நோட்டில் மூன்று வாக்கியங்கள் வந்தன.

'மலை பெய்தது. நான் நனைந்தேன். அம்மா திட்டினால்.'

மருதமலையே பெயர்ந்து எங்கள் தெருவில் பெய்திருந்தால்கூட நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அம்மா திட்டினால் என்ன ஆகும் என்று காத்திருந்தேன். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. என் கை தன்னால் சிவப்புப் பேனாவை எடுத்தது. வட்டம், அடிக்கோடு, ஓரத்தில் குறிப்பு, குறிப்புக்கு ஓர் அம்புக்குறி. திருத்தி முடித்து நீட்டியதும் மகன் நோட்டை மெதுவாக வாங்கித் தடவிப் பார்த்தான்.

"அப்பா, நோட்டுக்கு அடிபட்டுவிட்டதா?"

செவ்வாய்க்கிழமை அவன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். நான் மேலிருந்து சொற்களைச் சொன்னேன். கீழிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. குனிந்து பார்த்தால், நோட்டின் ஓரத்தில் வரிசையாகச் சக்கரங்கள் வரைந்துகொண்டிருந்தான்.

சரி, குறை அடிப்படையில் இருக்கிறது என்று தீர்மானித்து, முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் அவனை நிறுத்தினேன். ல சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். ள சொல்லும்போது நுனி மேலே மடங்கி அண்ணத்தைத் தொட வேண்டும். ழவுக்கு இன்னும் உள்ளே வளைந்து, அண்ணத்தில் ஒட்டாமல் வருட வேண்டும். இருவரும் வாயைப் பிளந்து ஒருவர் நாக்கை மற்றவர் ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில், கூரியர் கொண்டுவந்த இளைஞர் வாசலில் நின்றார். கையெழுத்துக்கூடக் கேட்காமல் உறையை வைத்துவிட்டுப் போனார்.

"அப்பா, அம்மிச்சி 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார். கடைக்காரர் சரியாகத்தானே எடுத்துக் கொடுக்கிறார்?"

அம்மாவின் அம்மாவை எங்கள் கோவைப் பக்கம் அம்மிச்சி என்போம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைய வகுப்பு முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை வடவள்ளியில் இருக்கும் அம்மிச்சி வீட்டுக்குப் புறப்பட்டோம். காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்தில் கூட்டம். வந்து நின்ற ஒரு பஸ்ஸில் நான் கால் வைக்கப் போனேன். மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"இதில் ஏறாதீர்கள் அப்பா. இது துடியலூர் வழி பெரியநாயக்கன்பாளையம் போகிறது."

எனக்குப் பலகை சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. பெரியநாயக்கன்பாளையம். விரல் விட்டு எண்ணினேன், பன்னிரண்டு எழுத்து. 'மழை' என்ற இரண்டெழுத்துக்கு அரை மணி நேரம் பென்சில் சீவியவன், நகரும் பஸ்ஸின் நெற்றியில் ஓடும் பன்னிரண்டு எழுத்தை எச்சில் விழுங்காமல் படிக்கிறான். அடுத்து வந்ததையும் படித்தான். ஒண்டிப்புதூர். சூலூர். கணுவாய். ஏதோ சந்தேகம் தட்டியது. மெதுவாக ஒரு கேள்வி போட்டேன்.

"பலகையில் 'வழி' என்று இருக்கிறதே, அதில் வருவது எந்த எழுத்து?"

"அதுவா, வழி ழ. எல்லா பஸ்ஸிலும் அதுதான் இருக்கும்."

"மழைக்கு?"

கொஞ்சம் யோசித்தான். "மழையும் வழியில்தானே வருகிறது. அப்படியானால் அதே ழதான்."

தமிழ் ஆசிரியர்கள் சிறப்பு ழகரம் என்று சொல்வதை எங்கள் வீட்டில் அன்று முதல் வழி ழ என்கிறோம். ளவுக்கு வடவள்ளி ள, லவுக்குச் சிங்காநல்லூர் ல. வல்லின றவுக்கு வால்பாறை ற. இலக்கண நூல் எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும், அவர்கள் காலத்தில் டவுன் பஸ் கிடையாது.

அடுத்த வாரம் வீடு பஸ் நிலையமானது. நான் எதுவும் செய்யவில்லை. மளிகைச் சாமான் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அவனே பலகைகள் எழுதினான். கோவையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரே பஸ் நிலையம் என்ற பேச்சே இல்லை. பொள்ளாச்சிக்கு உக்கடம், மதுரைக்குச் சிங்காநல்லூர், ஈரோட்டுக்குக் காந்திபுரம், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் சாலை. அதே முறைப்படி எங்கள் வீட்டிலும் நான்கு நிலையங்கள். கூடத்திலிருந்து குளியலறைக்குப் போகும் வண்டியின் பலகையில் 'வழி: சமையலறை' என்று இருந்தது. எதற்கு இந்தச் சுற்று என்று கேட்டேன். போகிற வழியில் முறுக்கு டப்பா இருக்கிறதாம்.

நடத்துநரும் அவனே. டிக்கெட்டைக் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தான். புறப்படும் இடம், சேரும் இடம், கட்டணம். கையெழுத்துப் பயிற்சி நோட்டில் நான்காவது வரியிலேயே மணிக்கட்டு வலிக்கிறது என்பவன், ஒரே நாளில் முப்பத்தொரு டிக்கெட் எழுதினான். பென்சில் பிடிக்கத் தெரியாமல் இல்லை. எதற்காகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிந்த நேரத்தில் என் சட்டைப்பையில் இருந்த சில்லறை முழுவதும் போய்விட்டிருந்தது. ஏனென்றால் இந்தப் போக்குவரத்துக் கழகத்தில் கட்டணம் கொடுத்த ஒரே பயணி நான். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் அல்லவா, அதே சலுகையை இவனும் அறிவித்துவிட்டான். அம்மாவும், வந்திருந்த அம்மிச்சியும் கையை வீசிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். வாசலில் பலகை: 'மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம்'.

ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. மெய்ப்புக்காரன் மனசு குளிர்ந்துபோய், கேட்காமலேயே பாடம் எடுத்தேன். 'இல்லாத' என்பதில் கடைசி 'த' போய் 'இல்லா' என்று நிற்கிறது, இதற்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர்.

"கெட்டுவிட்டதா? அப்படியென்றால் பணிமனைக்கு அனுப்பிவிடலாம்" என்றான்.

மரூஉ மட்டும் தானாக வந்து மாட்டியது. பலகையில் சில சமயம் கோயம்புத்தூர் என்றும் சில சமயம் கோவை என்றும் ஏன் இருக்கிறது என்று அவன்தான் கேட்டான். ஊர்ப்பெயர் பேச்சில் தேய்ந்து சுருங்குவதைச் சொன்னேன். தஞ்சாவூர் தஞ்சை, புதுச்சேரி புதுவை, உதகமண்டலம் உதகை. அவ்வளவுதான், வீட்டில் ஒரு பெயரும் முழுசாகத் தப்பவில்லை. பல்லடம் 'பல்லை' ஆனது. சூலூர் 'சூலை' ஆனது. சிங்காநல்லூரைச் 'சிங்கை' என்றபோது, சிங்கப்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றேன். வரட்டும், சிங்காநல்லூரில் வந்து இறங்கட்டும் என்றான். அம்மிச்சியைச் சுருக்கி 'அம்மை' ஆக்கப் பார்த்தான். அதை மட்டும் அம்மிச்சியே தடுத்துவிட்டார்.

கிணத்துக்கடவு பலகையில் எனக்கும் அவனுக்கும் தகராறு. கிணற்றுக்கடவு என்றல்லவா இருக்க வேண்டும் என்று என் விரல் துடித்தது. "ஊர் தன் பெயரை அப்படித்தான் எழுதிக்கொள்கிறது. நாம் யார் மாற்றுவதற்கு?" என்றான். இருபது ஆண்டுத் தொழில் அனுபவத்தில் இப்படி ஒரு வாதத்தை எந்த எழுத்தாளரும் என்னிடம் வைத்ததில்லை.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தைக் கெடுக்க ஒருவர் வேண்டுமல்லவா? நான் இருந்தேன். ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து புதிய சார்ட் தயாரித்தேன். 'பஸ் வழித் தமிழ்: 40 வாரத் திட்டம்'. வால்பாறை மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வாரம் ஒரு வளைவு, வளைவுக்கு ஒரு பாடம். ஒன்பதாம் வளைவில் வேற்றுமை, பதினான்கில் புணர்ச்சி. வளைவுகளை நானே வரைந்தேன். கர்வமாக இருந்தது, மறைப்பானேன்.

திங்கள் காலை, "வா, இன்று முதல் வளைவு" என்றேன். மகன் சார்ட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினான். அன்று மாலைக்குள் நான்கு பஸ் நிலையங்களும் மூடப்பட்டன. ஒன்பது நாள் எங்கள் வீட்டில் வேலைநிறுத்தம்.

"அவன் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸில் நீங்கள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தீர்கள். அவன் இறங்காமல் என்ன செய்வான்?" என்றாள் மனைவி. வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறாள். கெட்ட செய்தியைச் சுருக்கமாகச் சொல்வதில் பழக்கம் உண்டு.

அந்த ஒன்பது நாளில் நான்கைந்து நாளை அவன் வடவள்ளியில் கழித்தான். அங்கே அப்புச்சியின், அதாவது அம்மிச்சியின் கணவரின், பழைய வரவு செலவு நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கையெழுத்து. அப்போதெல்லாம் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்னால் இப்போதிருக்கும் ஐகாரக் குறி கிடையாது. எழுத்தோடு ஒட்டி மேலே வளைந்து தொங்கும் தும்பிக்கைதான் உண்டு. ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனி வடிவம். மொத்தம் 13 எழுத்துகள் மாறின. அப்புச்சி 'யானை' என்று பழைய முறையில் எழுதிக் காட்டியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் மாலை திரும்பி வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அப்பா! யானை என்று எழுதினால் அதற்குள்ளேயே தும்பிக்கை இருந்திருக்கிறது! ஏன் எடுத்தார்கள்?"

அச்சுக்கோப்பதற்கும் தட்டச்சுக்கும் எளிது என்று தொடங்கினேன். அவனுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அட்டைப்பெட்டியை இழுத்து, 'மருதமலை' என்று புதுப் பலகை எழுதத் தொடங்கியிருந்தான், தும்பிக்கை லையோடு. இது 1978-க்கு முந்தைய வண்டியாம். மற்ற வண்டிகளுக்கு இப்போதைய எழுத்து. எந்த வண்டி எந்த ஆண்டு என்று பார்த்துப் பார்த்து எழுதினான். பலகைக்கு அட்டை போதவில்லை என்றதும், வளைவுகள் வரைந்த என் சார்ட்டைக் கதவிலிருந்து பிய்த்துக் கொடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

இப்போது 'சொல்வதை எழுதுதல்' எங்கள் வீட்டில் தலைகீழாக நடக்கிறது. அவன் சொல்கிறான், நான் எழுதுகிறேன். கையால் எழுதினால் மூன்று வாக்கியத்தில் நிற்பவன், வாயால் சொன்னால் வால்பாறைப் பயணத்தை மூன்று பக்கத்துக்குச் சொன்னான். இருபதாம் வளைவில் யாருக்குக் குமட்டியது என்பது வரைக்கும் அதில் உண்டு. எழுதி முடித்ததும் அவனே அதை வாசிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் வாசிப்பு நின்றது.

"நான் 'எழில்மிகு' என்று சொல்லவே இல்லையே?"

சொல்லவில்லைதான். தொழில் புத்தி, இடையில் நுழைத்துவிட்டேன். அடிக்கச் சொன்னான். சிவப்புப் பேனாவை அவனிடமே கொடுத்துவிட்டேன், அது திரும்ப வரவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. பஸ் விளையாடினால் பத்தாம் வகுப்புத் தேர்வு யார் எழுதுவது என்கிறார். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது ஐயா, 14 வயது நிறைந்தால் அதன் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், இவனுக்கு இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் மகன் அவர் கையில் ஒரு டிக்கெட்டைத் திணித்துவிட்டு ஐந்து ரூபாய்க்கு நின்றான். பெரியவர் கொடுத்தார். மூத்த குடிமக்களுக்குச் சலுகை கிடையாதா என்று மட்டும் கேட்டார். கழகம் பரிசீலிக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். போன வாரக் கட்டுரையிலும் அம்மா 'திட்டினால்' என்றுதான் முடித்திருந்தான். இந்த ளவுக்கு எந்தப் பலகையும் இன்னும் அகப்படவில்லை.

நேற்று எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் முழுவதும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது மார்பின் மேல் கனமில்லாமல் ஏதோ கிடந்தது. நூல் கட்டிய அட்டை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

'பணிமனை.'

ணவும் னவும் அதனதன் இடத்தில் இருந்தன. சிவப்பு மையில் எழுதியிருந்தான்.