முகக் காயம்: வைவாவில் ஊசிக்கு முன்பிருந்தே தொடங்குங்கள்

எம்.எஸ். (அறுவை சிகிச்சை மேற்படிப்பு) தேர்வுக்கு முகக் காயம் படிக்கும்போது எல்லோரும் நேரே பிளாப் (அருகிலுள்ள திசுவை ரத்த ஓட்டத்தோடு நகர்த்திக் காயத்தை மூடும் முறை) பெயர்களை மனப்பாடம் செய்யப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் போனேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கன்னத்தில் கண்ணாடி கிழித்த படம் ஒன்றைக் காட்டினார்கள். தையல் நூல் அளவிலிருந்து ஆரம்பித்தேன். "லோக்கல் போடுறதுக்கு முன்னாடி என்ன பாத்தீங்க?" என்றார் எக்ஸாமினர். லோக்கல் என்றால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசி.

மரத்துப் போன முகத்தில், முகத் தசைகளை அசைக்கும் நரம்பைச் சோதிக்க முடியாது. முதலில் புருவத்தைத் தூக்க, கண்ணை இறுக்க, பல்லைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணின் வெளிமுனையிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு. அதற்குக் காதுப் பக்கமாக அறுந்த கிளையைத் தேடித் தைக்க வேண்டும். காயத்துக்கு அப்பாலுள்ள நரம்பு முனை மின்தூண்டலுக்குச் சுமார் 72 மணி நேரம்தான் பதில் சொல்லும், அதனால் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம் பரோடிட் நாளம், அதாவது கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குள் வரும் குழாய். மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே உள்ள துளையில் மெல்லிய குழாயை விடுங்கள். அது காயத்துக்குள் தலைகாட்டினால் நாளம் அறுந்திருக்கிறது.

பிளாப்பைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உதட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை போயிருந்தால் நேரடித் தையல், மூன்றில் இரண்டு வரை அபே அல்லது எஸ்ட்லாண்டர் பிளாப், அதற்கும் மேல் கரபாண்ட்சிக் பிளாப். நாய்க்கடி என்றால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் இம்யூனோகுளோபுலினை (வெறிநாய்க்கடி நோய்க்கு எதிரான தயார்நிலை எதிர்ப்புப் புரதத்தை) காயத்துக்குள்ளேயே போட்ட பிறகுதான் தையல், அதுவும் தளர்வாக. புருவத்தை எந்தக் காரணத்துக்கும் மழிக்காதீர்கள்.

உதட்டுக் கோடு மட்டும் எனக்குப் புத்தகத்தில் பதியவில்லை. ஒரு நைட் டியூட்டியில், பைக்கிலிருந்து விழுந்த கல்லூரிப் பையன், மேலுதடு பிளந்திருந்தது. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னை (மரக்க வைக்கும் மருந்தை) முதலில் போட்டுவிட்டேன். சில நிமிடங்களில் உதடு வெளுத்து வீங்கி, சிவப்பும் தோலும் சேரும் கோடு எங்கே என்றே தெரியவில்லை. உத்தேசமாகத் தைத்தேன். அந்த இடத்தில் 1 மி.மீ. பிசகினாலும் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் படும். ஒரு மாதம் கழித்து வந்தவன், விரலால் உதட்டை மறைத்துக்கொண்டே பேசினான்.

இப்போதெல்லாம் ஊசிக்கு முன்பே கோட்டின் இரண்டு பக்கமும் மெத்திலீன் நீலச் சாயத்தில் புள்ளி வைத்துவிடுகிறேன். முதல் தையல் அந்த இரண்டு புள்ளிகளைச் சேர்க்கத்தான்.