வால்பாறையில் சிறுத்தை பார்க்கப் போன கதை

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தியதும் எல்லோரும் கீழே தெரிந்த அணையைப் படம் எடுக்க ஓடினார்கள். மேலே பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள் நின்றன, அதையும் எடுத்தார்கள். எனக்கு ஒன்றிலும் மனம் ஓடவில்லை, சிறுத்தையைப் பார்க்கணும், அவ்வளவுதான். தங்குமிடத்தை நான் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். முன்பு தங்கினவர்கள் "வராண்டாவிலிருந்தே சிறுத்தை பார்த்தோம்" என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள்.

"ராத்திரி ஒன்பது மணிக்கு மேல பின்பக்கம் உட்காருங்க சார், வாரத்துல ரெண்டு நாள் கண்டிப்பா வரும்" என்றார் உரிமையாளர். காட்டு விலங்கு எப்படி இவ்வளவு சொன்ன சொல் தவறாமல் வருகிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மணி வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாய்கள் குரைத்தன, ஏதோ பன்றி உறுமியது, அப்புறம் மழை வந்துவிட்டது.

காலையில் நண்பர் ஏற்பாடு செய்திருந்த அண்ணன் வந்தார். உள்ளூர்க்காரர், ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுடன் பல வருடமாகக் காடு சுற்றுகிறவர். வால்பாறை எப்படிப்பட்ட இடம் என்பதை அவருடன் நடந்தபோதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியும், நடுநடுவே வெட்டாமல் தப்பிய மழைக்காட்டுத் துண்டுகள், சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம் புலிகள் காப்பகங்கள். சிறுத்தைக்கு இதில் எது காடு, எது எஸ்டேட் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பகலில் சோலைத் துண்டில் படுத்துக் கிடக்கும், இருட்டினால் நாம் நடக்கிற அதே எஸ்டேட் ரோட்டில் நடக்கும்.

"இதைப் பாருங்க தம்பி." ரோட்டின் நடுவில், வளைவுக்குச் சரியாக, நன்றாகத் தெரியும்படி கிடந்தது. சிறுத்தையின் எச்சம். வெயிலில் வெளுத்து, முறுக்கின கயிறு மாதிரி, ஒரு முனை மட்டும் கூராக. அண்ணன் குச்சியால் பிரித்தார். உள்ளே பஞ்சு போல அடர்ந்த ரோமம், இரண்டு சின்ன எலும்புச் சில்லுகள், அப்புறம் கறுப்பும் வெள்ளையுமாக விரல்நீளத்தில் ஓர் உடைந்த முள். முள்ளம்பன்றி! அதை எப்படித்தான் பிடித்து, எப்படித்தான் விழுங்கியதோ. நடுரோட்டில் விட்டுப் போவதும் தற்செயல் இல்லை, இது என் எல்லை என்று அடுத்த சிறுத்தைக்கு எழுதி வைக்கிற தபால் அது.

இந்த எச்சங்களைச் சேகரித்து, கழுவி, காயவைத்து, ரோமத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் என்ன விலங்கென்று தெரிந்துவிடும். வால்பாறையில் அப்படிச் செய்த ஆய்வில், சிறுத்தை தின்றதில் வீட்டு விலங்குகளின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கேளையாடு, சருகுமான், முள்ளம்பன்றி, இவைதான் முக்கிய இரை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு காட்டு இரையையே தேடித் தின்கிற பிராணியைத்தான் நாம் 'ஊருக்குள் புகுந்த சிறுத்தை' என்று செய்தி போடுகிறோம். (அந்தச் செய்தியோடு சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா, படத்தைப் போடுகிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. சிவிங்கிப்புலிக்கு உடம்பில் தனித்தனிப் புள்ளி, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு. சிறுத்தைக்கு பூப்பூவாக வளையம்.)

ஆனால் விபரீதமும் நடக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. 2025 ஜூனில் இதே வால்பாறையில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சின்னஞ்சிறு மகளை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. இங்கே இப்படிப் பாதிக்கப்படுவது பெரும்பாலும் குழந்தைகள்தான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பயமாக இல்லையா என்று கேட்டேன். "பயந்தா சோறு வருமா தம்பி? நாங்க பேசிக்கிட்டே போவோம், அதுபாட்டுக்கு ஒதுங்கிக்கும். புள்ளைங்கதான் சொன்னா கேக்காது." கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகலாமே என்றதற்கு அண்ணன் சிரித்தார். "ஒண்ணைப் பிடிச்சா இடம் காலி, இன்னொண்ணு வரும்." இது அவருடைய அனுபவப் பேச்சு மட்டுமில்லை. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 வாக்கில் சிறுத்தைகளைப் பிடித்துப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். விட்ட இடங்களை ஒட்டி மனிதர்கள்மீது தாக்குதல் கூடியது என்று வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா குழுவினர் 2011-ல் எழுதினார்கள். பழகின இடத்தை விட்டுத் தூக்கி, தெரியாத இடத்தில் போட்டால் எந்த உயிருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்?

2022 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 13,874 சிறுத்தைகள், தமிழ்நாட்டில் 1,070. அத்தனைக்கும் கூண்டு செய்ய முடியாது. அண்ணன் சொன்ன வழி இதுதான்: வாசலில் விளக்கு, வீட்டை ஒட்டின புதரை வெட்டுவது, இருட்டில் குழந்தை தனியாக வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது, இறைச்சிக் கழிவைக் கொட்டாமல் இருப்பது. பெரிய விஞ்ஞானமெல்லாம் இல்லை. கழிவுக்கு நாயும் பன்றியும் வரும், அதுகளைத் தேடிச் சிறுத்தை வரும், வந்த இடத்தில் பழகிவிடும்.

அண்ணன் இதைச் சொல்லி முடிக்கும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. விடுதிக்குத் திரும்பியதும் நேராகப் பின்பக்கம் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், தேயிலைச் சரிவின் தொடக்கத்தில், ஒரு நீல வாளி. கோழி இறகும் குடலும், ஈ மொய்த்துக்கொண்டு. அங்கிருந்து கீழே, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு எட்டு வைத்து எண்ணினேன். 140.

உரிமையாளரிடம் கேட்டேன். அவர் சங்கடப்படக்கூட இல்லை. "வர்றவங்க எல்லாருமே அதைத்தான் சார் கேக்கறாங்க. காட்டலன்னா ஸ்டார் குறைச்சுடறாங்க. நீங்களும் போன்ல முதல்ல அதைத்தானே கேட்டீங்க?"

கேட்டேன்தான். அதற்குப் பிறகு என்ன பேசுவது? வாளியை எடுக்கச் சொன்னேன், சரி சரி என்றார், எடுத்த மாதிரி தெரியவில்லை. வனத்துறை எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அடுத்த நாளே கிளம்பிவிடலாம் என்று பையைக் கட்டினேன்.

அன்றிரவு வராண்டாவில் உட்காரவில்லை. பத்து மணி இருக்கும், விடாமல் குரைத்துக்கொண்டிருந்த நாய்கள் சட்டென்று, யாரோ வாயைப் பொத்தினது போல, ஒரே நேரத்தில் அடங்கின. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கீழே லைன் வீட்டில் ஓர் அம்மா தன் குழந்தையின் பெயரைச் சொல்லி உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு தடவை. மூன்றாவது தடவை கூப்பிடவில்லை, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.