யாழினி கெர்ட்ரூட்: ஜெர்மனியில் மகளுக்குப் பெயர் பதிந்த அனுபவம்

ஜெர்மனியில் குழந்தை பிறந்தால் ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். பெயர் முடிவாகவில்லையென்றால் அதற்கு மட்டும் ஒரு மாதம் அவகாசம். எங்களுக்கு அது தேவைப்பட்டது.

யாழினி என்பதில் தகராறு இல்லை. இரண்டாவது பெயராகத் தன் பாட்டி பெயரை வைக்க வேண்டும் என்றாள் மனைவி: கெர்ட்ரூட். நூறு வருடத்துக்கு முன் இங்கே தெருவுக்குத் தெரு கெர்ட்ரூட்தான். இன்று அது கிழவிப் பெயர். ஊரிலிருந்து அம்மா போனில், "அர்த்தம் என்னடா?" என்றார்.

சரி, தேடினேன். பழைய ஜெர்மானியப் பெயர்களில் பல, இரண்டு சொற்களை ஒட்டிச் செய்தவை. இதில் முன்பாதி 'கேர்', அதாவது ஈட்டி. பின்பாதிக்கு வலிமை என்று பொருள். பிற்காலத்தில் அதைப் பிரியத்தைக் குறிக்கும் இன்னொரு சொல்லோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். கெர்ட்ராவுட் என்ற வடிவம் அப்படி வந்தது. இரண்டு பாதியும் கோவையாகப் பொருள் தர வேண்டும் என்ற கட்டாயமும் அந்தக் காலத்தில் இல்லை. நான் ஈட்டி என்றதுமே அம்மா, "அப்போ நம்ம வேலம்மாதான்" என்று முடித்துவிட்டார்.

இத்தனை முரட்டுப் பெயரைப் பரப்பியவர் ஒரு கன்னியாஸ்திரீ என்பதுதான் வேடிக்கை. 7-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நிவெல் மடத்தின் தலைவி புனித கெர்ட்ரூட். திருநாள் மார்ச் 17. தோட்ட வேலை தொடங்க நல்ல நாள் என்பார்கள். எலித் தொல்லை தீரவும் இவரைத்தான் வேண்டுவார்கள். படங்களில் இவர் கைக்கோலில் எலிகள் ஏறிக்கொண்டிருக்கும்.

அலுவலகத்தில் கெர்ட்ரூடை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாட்டிக்கொண்டது யாழினிதான். பெண் பெயர்தானா, ஆதாரம் உண்டா என்றார்கள். இத்தனைக்கும் இங்கே அனுமதித்த பெயர்ப் பட்டியல் எதுவும் கிடையாது. பெயர் குழந்தையின் நலனைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவுதான். பெயரிலேயே பாலினம் தெரிய வேண்டியதில்லை என்று 2008-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னதே 'கிரண்' என்ற இந்தியப் பெயர் வழக்கில்தான். வாதாடத் தெம்பில்லாமல், யாழினி என்ற பெயருள்ள சொந்தக்காரப் பெண்ணின் பாஸ்போர்ட் நகலை நீட்டினேன். வேலை முடிந்தது. அதிலும் ஒத்துவராவிட்டால் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பெயர் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று தருவார்கள்.

ஒரு விஷயம் கவனியுங்கள். இரண்டு பெயருக்கும் நடுவே இணைப்புக்கோடு போட்டால் இரண்டும் ஒரே பெயராகிவிடும். நாங்கள் போடவில்லை. 2018 நவம்பரிலிருந்து, கோடில்லாத பெயர்களின் வரிசையைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. வேலம்மாதான் முன்னால் வர வேண்டும் என்று மகள் நினைத்தால் மாற்றிக்கொள்ளட்டும்.