கொட்டிலுக்குள் நிற்கிற டட்சன்

ஜனவரி 6, 2024

கொட்டிலின் முன்பக்கக் கிடுகைப் பிடுங்கிப் போட்டோம். நாலு ரயரும் மண்ணோடு படிந்து, ஒரு பக்கத்தில் கறையான் ஏறி, 2006இல் ஏ9 பாதை பூட்டின கிழமை ஐயா விட்ட இடத்திலேயே நிற்கிறது அவருடைய டட்சன் டிரக். போனட்டுக்குள் அணில் குடும்பம் நடத்தியிருக்கிறது: தும்பு, பஞ்சு, கோழியிறகு, என் பள்ளிக்கூட ரிபன் மாதிரி ஒரு நீலத் துண்டு.

பாரிசவாதத்தில் படுத்துக் கிடக்கிற ஐயாவின் கட்டிலை யன்னல் பக்கம் திருப்பினோம். கண் வெட்டாமல் பார்த்தார். அம்மா வாயைத் துடைக்கப் போக முகத்தை விலக்கினார். மறைக்கிறாவாம்.

ஜனவரி 7

கராஜ் அண்ணை வந்தார். ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், விலைக்குக் கேட்டு வந்தவனுக்கே இந்த டிரக்கைக் குடுத்திருக்கலாம்" என்றார். பிறகு கீழே படுத்து, லீஃப் ஸ்பிரிங் பிடிக்கிற இடமெல்லாம் ஸ்குரூட்ரைவரால் குத்திப் பார்த்தார். எழும்பினபோது குரல் மாறியிருந்தது. ட்ரைவர் கால் வைக்கிற தகடு மட்டும் அப்பளம். மற்றதெல்லாம் இன்னும் இரும்பு.

"ஏ12 எஞ்சின். 1171 சிசி. உது செத்ததில்லை, நித்திரை."

எஞ்சின் இறுகிப் போயிருக்கிறது. நாலு பிளக்கையும் கழற்றி, மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஓட்டைகளுக்குள் ஊற்றினார். ஒரு கிழமைக்குத் தொடக்கூடாதாம்.

மண்ணெண்ணெய் மணம் அறைக்குள் போனதும் ஐயா தலையைத் திருப்பினார்.

ஜனவரி 9

தொடக்கூடாது என்றார். தொட்டேன். அசையவில்லை.

ஜனவரி 11

அசையவில்லை. ஐயாவுக்குப் பிரசர் 170/100. உப்பைக் குறை என்றால் அம்மாவுக்குக் கோபம் வருகிறது.

ஜனவரி 13

கபினுக்குள் இறங்கித் துப்புரவாக்கினேன். சீற்றுக்குள் எலிப்புழுக்கை. சங்கக்கடைத் துண்டு ஒன்று, எழுத்தெல்லாம் போய்விட்டது. இரண்டு பீடி. டாஷ்போட்டுக்குக் கீழே சைக்கிள் ரியூப்பில் வெட்டின ஒரு பட்டி, நுனியில் கம்பிக் கொக்கியோடு தொங்கியது. எதைக் கட்டினாரோ. சீற்றுக்குப் பின்னால் ஒரு சூப்பிப் போத்தல். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற போத்தல்தான், ஆனால் பெற்றோலுக்கு. சண்டைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், காபரேற்றருக்குள் நாலு சொட்டு விட்டு எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற காலத்துப் போத்தல். அதை மட்டும் எடுத்துக் குசினி யன்னலில் வைத்தேன். மற்றதெல்லாம் குப்பைக்கு.

அம்மா போத்தலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் பார்த்தால், கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறா.

ஜனவரி 15

பொங்கல். பால் பொங்கி முடிய அண்ணை வந்துவிட்டார், வேட்டியோடு. பின் சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கி, நாலாம் கியரில் போட்டு, ஆளுக்கொரு சில்லைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை. அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதற்குத்தான் அசைந்தது. கால்வாசிச் சுற்று. பிறகு அரை. பிளக் ஓட்டையால் சிவப்புத் தண்ணீர் கக்கியது.

யன்னலைப் பார்த்தேன். ஐயா இடக்கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார்.

ஜனவரி 16

மூன்று விரல்.

ஜனவரி 17

காலையில் மூன்று, மத்தியானம் மூன்று. மருந்து மூன்று நேரமோ என்று கேட்டேன், கையை உதறினார். தேத்தண்ணிக்கு மூன்று சீனியோ? உதறினார். "மூண்டாம் சிலிண்டரைத்தான் சொல்லுறார். காது நல்ல காது" என்கிறார் அண்ணை. அம்மா கட்டில் விளிம்பில் இருந்து, "மூண்டாவதைத் தேடுறார்" என்றா. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அன்று முழுக்க என்னோடு பேச்சில்லை.

ஜனவரி 20

வாடகைக்கு ஒரு பற்றறி. ஸ்ராட்டர் முனகி முனகிச் சுற்றியது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று கொம்பிறெஷன் பார்த்தோம்: 105, 60, 110, 100. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நல்லது! இரண்டாவதுதான் நோயாளி. "ஐயா ஒண்டைத் தவறவிட்டிட்டார்" என்று அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெட்டைக் கழற்றினால், அதற்கு அடியில் வைக்கிற காஸ்கெற் தகடு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. அண்ணை கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மண்ணெண்ணெய்க்கு இந்த எஞ்சினின் இறுக்கம் கூட. இடிக்கும், பிஸ்ரன் உடையும். அதனால் ஹெட்டை ஒரு காஸ்கெற் அளவு உயர்த்தி இறுக்கத்தைக் குறைத்திருக்கிறார். ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், ஐயாவே இருந்து யோசித்திருப்பார். இழுவை பாதியாய்ப் போயிருக்கும். அந்தப் பாதியோடுதான், சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த 95 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலம் தாண்டியது. மழை. பின்னால் நெல்மூட்டை, ஆச்சி, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். சைக்கிள்காரர் பின் தட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நடக்கிற சனத்தைவிட மெதுவாகத்தான் போனோம். ஐயா ஒருதரமும் எஞ்சினை நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் திரும்ப எழுப்புவதற்குப் போத்தலில் பெற்றோல் இல்லையாம். இது எனக்கு எப்போது தெரியும்? அன்றைக்கா, பிறகு அம்மா சொன்னதா?

இரண்டாம் சிலிண்டரின் புகை வால்வு விளிம்பில் பல்லி கடித்த மாதிரி எரிந்திருக்கிறது.

ஜனவரி 21

என் கூடப்பிறந்த அண்ணா ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். "நல்ல விலை கேக்கிறாங்கள், பைத்தியமே?" வாகன இறக்குமதி நின்றதிலிருந்து துருப்பிடித்ததற்கெல்லாம் விலை என்பது அவருக்கும் தெரியும். வைத்தியச் செலவுக் கணக்கை வரிவரியாக வாசித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன். காசு அனுப்புகிறவருக்கு வாசிக்க உரிமை இருக்கிறது.

ஜனவரி 27

இரவு பஸ், கொழும்பு. எரிந்த வால்வை உதயன் பேப்பரில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனேன். பஞ்சிகாவத்தையில் கடைகள் திறக்கும்வரை ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்தேன். திறந்தால் அது கடைத்தெரு இல்லை, அறுத்த வாகனங்களின் ஊர். கதவுகள் சட்டை மாதிரித் தொங்குகின்றன. கியர்பொக்ஸ்களை மரவள்ளிக் கிழங்கு மாதிரிக் குவித்திருக்கிறார்கள். எண்ணெயில் நடந்து நடந்து செருப்பு கனத்தது. ஒரு கடைக்காரருக்கு முன்விளக்கு மட்டும் தெரியும், அடுத்தவருக்கு ரேடியேற்றர் மட்டும். என் அரைகுறைச் சிங்களத்துக்கு நாலு கடையில் தலையாட்டி அனுப்பினார்கள்.

ஐந்தாவது, ஒரு முஸ்லிம் பெரியவர். வால்வைக் கையில் வாங்கினதுமே, "1200 டிரக்கா, 120 வை காரா? ரெண்டுக்கும் ஏ12தான்" என்றார். வேர்னியரால் தண்டை அளந்தார். பிறகு பின்னால் போய் முழு ஹெட் ஒன்றைத் தூக்கிவந்து, ஸ்பிரிங்கை அமுக்கி, எனக்கு முன்னாலேயே ஒரே ஒரு வால்வைக் கழற்றினார். மிச்சம் ஏழு வால்வையும் பிறகு யாருக்கு விற்பார்? கேட்டேன். "இன்னொரு மகள் வருவா" என்றார். காஸ்கெற் செற், டிஸ்ரிபியூற்றர் மூடி, பிறேக் ரப்பர்கள், பெற்றோல் பம்பின் சவ்வு. வற் வரியை 18 வீதம் ஆக்கிவிட்டார்கள் என்று பில்லுக்குப் பதிலாக ஒரு பெருமூச்சுத் தந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன்: அம்மா சொன்னதுபோல இருந்தால் ஐயா யன்னலால் ஏன் பார்க்க வேண்டும், வாசலைத்தானே பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 3

வால்வுக்கு அரைக்கிற களிம்பு பூசி, தடியைக் கைக்குள் வைத்து மத்துக் கடைகிற மாதிரி அரைத்தேன், இரண்டு மணித்தியாலம். அண்ணை கராஜ் பெடியனிடம் கொடுக்கச் சொன்னார். கொடுக்கவில்லை. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கும் அறாமல். ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெருவிரலால் விளிம்பைத் தடவினார். மூன்று விரல் காட்டினார்.

"இது ரெண்டாவது ஐயா" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

பெப்ரவரி 4

சத்தம் போட்டிருக்கக் கூடாது.

பெப்ரவரி 10

கிளிநொச்சி, பழைய இரும்பு யாட். எங்களுடையதின் பின் தட்டியை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ஒன்று கிடந்தது, அதே டிரக்கினது, சன்னம் துளைத்த இரண்டு ஓட்டையோடு. பச்சைப் பெயின்ற். நடுவில் மஞ்சளால் எழுதினதில் பாதி உரிந்து "ன் துணை" மட்டும் மிச்சம். எங்கேயிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, யாட்காரரும் சொல்லவில்லை. கிலோக் கணக்கில் நிறுத்துத் தந்தார்.

பெப்ரவரி 11

முருகன் துணை என்று எழுதச் சொல்கிறா அம்மா. ஐயனாகவும் இருக்கலாம், கண்ணனாகவும் இருக்கலாம். எழுதினவனுக்குத்தான் தெரியும். விட்டுவைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 17

பெற்றோல் தாங்கிக்குள் சல்லிக்கல்லும் சங்கிலித் துண்டும் போட்டு, நானும் பெடியனும் தொட்டில் மாதிரி ஆட்டினோம். கொட்டினால் சாம்பார் நிறம். மூன்று தரம் கழுவினோம். அளவு காட்டுகிற மிதவை உக்கிப்போயிற்று, அதனால் கேஜ் வேலை செய்யாது. தடியை விட்டு அளக்கலாம் என்கிறார் அண்ணை.

காபரேற்றரில் ஒரு சின்னக் கண்ணாடி யன்னல் இருக்கிறது, உள்ளே பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க. சவர்க்காரம் போட்டுத் துடைத்தேன். யப்பான்காரன் இதையெல்லாம் யோசித்திருக்கிறான்.

பெப்ரவரி 18

காஸ்கெற் ஒன்றுதான் போட்டோம். பொயின்ற் இடைவெளி 0.5 மில்லிமீற்றர். வயர் ஒழுங்கு 1-3-4-2. சூப்பிப் போத்தலை அம்மாவே கொண்டுவந்து தந்தா.

முதல் தரம் காபரேற்றரால் தும்மியது. இரண்டாம் தரம் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் பிடித்தது. கொட்டில் முழுக்க நீலப் புகை, அணில் கூட்டின் மிச்சம் சைலன்சரால் பறந்தது. கண்ணாடி யன்னலுக்குள் பெற்றோல் நடுக்கோட்டில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அண்ணை தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, சூடாகட்டும், வால்வை 0.35க்கு வைப்பம் என்றார். 18 வருசம்.

ஐயா அழுதார். பாரிசவாதக்காரருக்கு அழுகை சும்மாவும் வருமாம், டொக்டர் சொல்லியிருக்கிறார்.

பெப்ரவரி 25

பிறேக். நாலு சில்லிலும் சிலிண்டர் இறுகி, ஒன்றைச் சுத்தியலால்தான் எடுக்க முடிந்தது. ரயர் சுசூக்கி வானுக்குப் போடுகிற 145ஆர்12. கால்தகடு வெல்டிங். காசு முடிந்தது. சங்கிலி அடகில்.

மார்ச் 2

ஒழுங்கைக்குள் ஓட்டினேன். ஐயா ஒருநாளும் என்னை ஸ்ரியரிங்கைத் தொட விட்டதில்லை. கொழும்பில் லைசன்ஸ் எடுத்ததையே இரண்டு மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். முதலாம் கியர், இரண்டு, மதவடி தாண்டி மூன்று. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தேன். டக். லீவர் தானாகப் பின்னால் விழுந்தது. திரும்பப் போட்டேன், காலை எடுத்தேன். டக். "மூண்டில நிக்குதில்லை" என்று பக்கத்தில் இருந்த அண்ணையிடம் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

மார்ச் 3

குப்பைக்கிடங்கை விடியக் கிளறினேன். ரப்பர் பட்டி இல்லை, பொங்கலுக்கு முதல் நாள் சருகோடு கொளுத்தினது நான்தான். புது ரியூப்பில் வெட்டி, கம்பிக் கொக்கி வளைத்து, டாஷ்போட்டுக்குக் கீழே கட்டினேன். மூன்றில் போட்டதும் லீவரில் கொக்கியை மாட்டினால் விழாது. உள்ளே இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் தேய்ந்துவிட்டதாம், கியர்பொக்ஸைக் கழற்றினால் மாற்றலாம் என்கிறார் அண்ணை. பிறகு பார்ப்போம்.

ஐயாவிடம் போய் என் பெருவிரலைக் கொக்கி மாதிரி வளைத்துக் காட்டினேன். கனநேரம் பார்த்தார். கையைக் கீழே போட்டார்.

அம்மாவிடம் சொன்னேன், கியரைத்தான் சொன்னவர் என்று. "ஓ" என்றா. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "உனக்கு அதைச் சொன்னவர்" என்றா.

மார்ச் 5

இன்று மூன்று விரல் இல்லை. நாளைக்கும் இல்லாவிட்டால்?

மார்ச் 8

சிவராத்திரி. நித்திரை முழிக்க எனக்குக் காரணம் தேவையில்லை. ஐயாவின் மூச்சு ஒரு பக்கமாக இழுக்கிறது, சின்னச் சீட்டியோடு. எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10

புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ், வரிப்பத்திரம். எல்லாவற்றுக்கும் ஐயாவின் பெயர், ஐயாவின் கையெழுத்து. கைநாட்டு வைக்கலாமாம், அதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம். அதுவரைக்கும் ஒழுங்கை தாண்டக்கூடாது.

மார்ச் 12

காய்ச்சல் 102. சளி. சாப்பிடவில்லை.

மார்ச் 13, இரவு 1.40

ஓட்டோக்காரர் போனை எடுக்கிறாரில்லை. அம்புலன்ஸ் வேறெங்கோ போய்விட்டதாம், சுணங்குமாம். அம்மா பின்னுக்குப் பாயும் மெத்தையும் விரிக்கிறா. பக்கத்து வீட்டுப் பெடியள் தூக்க வந்திருக்கிறார்கள். எவ்வளவு பெற்றோல் கிடக்கு என்று தெரியவில்லை. தடியை எங்கே வைத்தேன்