விட்டுவிடச் சொன்ன மாத்திரைகள்

"நேத்து சாயங்காலம் கஞ்சி கொஞ்சம் கூடுதலாக் கொடுத்துட்டேன் டாக்டர், அதனாலதானா?" என்று அந்த அம்மாவின் மகள் ஆறாம் நாள் காலையில் கேட்டபோது, "அதெல்லாம் இல்லம்மா, சில பேருக்கு இப்படி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுத் தியேட்டருக்கு ஓடினேன். ஓட வேண்டியிருந்தது உண்மைதான். வயிற்றுக்குள்ளிருந்து நீரை வடிக்கும் ட்ரெய்ன் குழாயில் முந்தைய நாள் வரை இளஞ்சிவப்பாக வடிந்த நீர் அன்று கலங்கிப் பழுப்பாகியிருந்தது. பையைக் கையில் எடுத்ததுமே மல நாற்றம் அடித்தது. மலக்குடலின் மேற்பகுதியிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்துவிட்டு நாங்கள் சேர்த்த குடல் இணைப்பு கசிகிறது என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. ஆனால் அவசரம் தீர்ந்த பிறகும் அந்தக் கேள்விக்கு நான் முழுமையான பதிலைச் சொல்லவில்லை.

அறுவைக்கு முந்தைய இரவு வார்டு சிஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். "சார், அம்மா பேதிக் கரைசல் முழுசும் குடிச்சிட்டாங்க. ரொம்பக் குமட்டுதுன்றாங்க, மாத்திரையைக் கொடுத்தா வாந்தி எடுத்துடுவாங்க போல. விட்டுடலாமா?" குடல் கிருமிகளைக் குறைக்க நியோமைசின், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளை எழுதியிருந்தோம். "விட்டுடுங்க சிஸ்டர், காலையில ஊசி போடத்தானே போறோம்" என்றேன். அரை நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம். குமட்டலுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கசிவு தெரிந்த அன்று அந்த அம்மாவின் படுக்கையருகே இருந்த அலமாரி இழுப்பறையில், ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படாமல் அந்த அட்டை கிடந்ததைப் பார்த்தேன்.

தையலில் குறையில்லை என்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். இடுப்புக்குழியில் நீரை நிரப்பி, ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்திப் பார்த்தபோது ஒரு குமிழிகூட எழவில்லை. வெட்டிய விளிம்புகளில் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்தது. ஆனாலும் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் சீஃப், "இணைப்பு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்த அம்மாவின் சர்க்கரை நோய், இரத்தத்தில் ஆல்புமின் அளவு, குடலின் இழுவிசை எல்லாம் பேசப்பட்டன. மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் எழுந்து சொல்லவில்லை.

சொல்லியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று பல இரவுகள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். கசிவை அறுவை மருத்துவரின் கைத்திறனோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எங்கள் துறையில் ஆழமானது. 1955இலேயே ஐசிடோர் கோன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் நாய்களின் பெருங்குடலில் இணைப்புக்கு வரும் இரத்த ஓட்டத்தைத் துண்டித்து, சிலவற்றுக்கு மட்டும் குடலுக்குள்ளேயே டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லியைச் செலுத்தியபோது, மருந்து பெற்றவற்றின் இணைப்புகள் தாக்குப்பிடித்தன. அதாவது குடலுக்குள் இருக்கும் கிருமிகளுக்கும் இதில் பங்குண்டு. 2015இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பாக்டீரியா எலிகளின் குடல் இணைப்பில், திசுவுக்கு வலுத் தரும் புரதமான கொலாஜனைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதையும், திசுவிலேயே இருக்கும் அதே வகை நொதியொன்றைத் தூண்டிவிடுவதையும் காட்டினார்கள். தையலைத் தாங்கிப் பிடிப்பது அந்தக் கொலாஜன்தான். முதல் சில நாட்களில் அது இயல்பாகவே நலிந்திருக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு முதலில் ஆறுதல்தான் கிடைத்தது. என்டெரோகாக்கஸ் மெட்ரோனிடசோலுக்குக் கட்டுப்படாதது. ஆகவே அந்த மாத்திரை போயிருந்தாலும் அதைத் தொட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கணமே, காலையில் நாங்கள் போட்ட செஃபலோஸ்போரின் என்ற கிருமிக்கொல்லி ஊசிக்கும் அது கட்டுப்படாதே, அந்த ஊசியை நம்பித்தானே விட்டுவிடச் சொன்னாய் என்று மனம் திருப்பிக் கேட்டது. ட்ரெய்ன் நீரைப் பரிசோதித்தபோது ஈ. கோலையோடு என்டெரோகாக்கஸும் வளர்ந்தது. அதுவும் எதையும் நிரூபிக்காது. குடல் கசிந்தால் குடலில் வாழ்பவை வெளியே வரத்தான் செய்யும். அவை ஓட்டையைப் போட்டனவா, ஓட்டை வழியாக வந்தனவா என்பதை அந்த அறிக்கை சொல்லாது.

2019இல் ஃபின்லாந்தில் பெருங்குடல் அறுவைக்கு உள்ளான ஏறத்தாழ நானூறு பேரிடம் நடந்த ஆய்வில், பேதிக் கரைசலும் மாத்திரையும் பெற்றவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று வந்தபோது, அந்தக் கட்டுரையை அச்செடுத்துப் பையிலேயே வைத்திருந்தேன். 2024இல் அதே நாட்டிலிருந்து மலக்குடல் அறுவை பற்றிய ஆய்வு வந்தது. அதில் எல்லோரும் கரைசலைக் குடித்திருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு மாத்திரை, மறுபாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. மாத்திரை பெற்றவர்களிடம் தொற்றும் குறைந்தது, கசிவும் குறைந்தது. அந்த வெற்று மாத்திரைக் குழுவில்தான் அந்த அம்மாவை நான் சேர்த்திருந்தேன். மாத்திரை பெற்றவர்களிலும் சிலருக்குக் கசிந்தது என்பதையும் நான் சேர்த்தே படிக்கிறேன். ஆனால் இப்போது அந்த வரி முன்புபோல் உதவுவதில்லை.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். வயிற்றைக் கழுவி, மலம் வெளியேற வயிற்றில் ஒரு திறப்பு வைத்துக் குடலை வெளியே எடுத்து வைத்தோம். சில மாதங்கள் மலப் பையோடு இருந்தார். அந்தத் திறப்பை மூடுவதற்காகச் சேர்ந்த அன்று மாலை, மகள் சாப்பாட்டுத் தூக்கோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை ஆபரேஷன் முடிஞ்சு கஞ்சி கொடுக்கலாமா டாக்டர், வேண்டாமா?"

"நாங்க சொல்ற அன்னிக்குக் கொடுங்கம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.